நூற்றிருபது வீட்டில் நீ இன்ஜினியர்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். அன்றைக்கே பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு யோசித்தபோதுதான் வெட்கமாகப் போயிற்று. "அம்மா, எனக்கு இந்த வேலை புடிக்கலம்மா" என்று நீ சொன்னாய். "அங்கன வெயிலு எப்படி இருக்கு?" என்று நான் கேட்டேன். நீ பொறுமையாக இன்னொரு தடவை சொன்னாய். நான் நம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் பழுதான கதையைப் பத்து நிமிடம் சொன்னேன். மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறது, அந்தக் கவலை உனக்கு வேண்டாம். காது கேட்காமல் அப்படிப் பேசவில்லை, தம்பி. கேட்டதும் பயந்துவிட்டேன். பயம் வந்தால் நான் எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன் என்பது உனக்கும் உன் அப்பாவுக்கும் தெரியும்.

மூன்றாவதாக ஒன்று சொன்னாயே, அதற்கு மட்டும் என்னால் பேச்சை மாற்ற முடியவில்லை. "நான் எப்படிம்மா விட்டுட்டு வர? அம்புட்டு வீட்டுலயும் என் படம் தொங்குது. டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் நான் இன்ஜினியர்தான்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அப்புறம் அடுப்படியில் போய் நின்றுகொண்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன காரியம் செய்து வைத்திருக்கிறோம் என்று நெடுநேரம் யோசித்தேன்.

இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பாமல் நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற குரூப்பில் போடுகிறேன். கோபப்படாதே. ஊரறிய அச்சடித்துச் செய்த தப்பைக் காதோடு காதாகச் சொல்லித் தீர்க்க முடியாது. அதோடு, என்ன தப்பு என்று இந்தக் குரூப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நீ ஆவணியில் சென்னைக்கு வேலைக்குப் போனாய். அப்போது எங்கள் அச்சகத்தில் காலண்டர் சீசன். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகிவிடும், அன்றிலிருந்து எங்களுக்கு அடுத்த வருடம் பிறந்துவிட்ட மாதிரிதான். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று ஆர்டர் வந்து குவியும். இருபத்தைந்து வருடமாகத் திருத்தங்கலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடை முதலாளிகளின் நரைத்த முடியைக் கறுப்பாக்கி, அவர்கள் பேரைப் பெரிதாகப் போட்டு அட்டை தயார் செய்கிறேன். ஊரெல்லாம் புரட்டாசியில் இருக்கும்போது நாங்கள் அடுத்த வருடத்துச் சித்திரையைத் திருத்திக்கொண்டிருப்போம். இன்னும் வராத நாளை வந்த மாதிரி அச்சடித்தே எனக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை உன்னிடமும் காட்டிவிட்டேன்.

சீசன் முடிகிற சமயம் முதலாளி, "ஒங்க வீட்டுக்கு வேணும்னா கொஞ்சம் அடிச்சுக்கோங்கம்மா" என்றார். கொஞ்சம் என்று அவர் நினைத்தது பத்தோ பதினைந்தோ. நான் நூற்றிருபது அடித்தேன். உன் காலேஜ் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை எடுத்து, அதற்கு ஒரு கோட்டு மாட்டி, டையும் கட்டிவிட்டேன். ஒரு நகைக்கடைக்காரர் படத்திலிருந்து எடுத்த டை அது, உன் கழுத்துக்குக் கொஞ்சம் பெரிது. உன்னை இரண்டு சுற்று வெளுப்பாக்கினேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். கீழே கொட்டை எழுத்தில் உன் பேர், அதற்கும் கீழே "சாஃப்ட்வேர் இன்ஜினியர், சென்னை". பின்னால் அருவி. அருவி எதற்கு என்று அப்பா கேட்டார். இன்ஜினியருக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அருவி போட்டேன்.

அப்போது நீ வேலைக்குப் போய் நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வேலை பிடிக்கிறதா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் விருதுநகர், சிவகாசி, காரியாபட்டி என்று நம் சொந்தக்காரர் வீட்டுச் சுவரில் எல்லாம் உன்னை ஒரு வருடத்துக்கு ஆணியடித்து மாட்டிவிட்டேன். பொங்கலுக்கு நாம் அத்தை வீட்டுக்குப் போனபோது, வாசல் அறையில் உன் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாயே, நினைவிருக்கிறதா? நீ கூச்சப்படுகிறாய் என்று நினைத்து, "என்னலே, அம்மா டிசைன் எப்படி?" என்று முதுகில் தட்டினேன். உன் முகம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

சரி, தப்பை ஒத்துக்கொண்டாயிற்று. இனி என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தவள் இல்லை. பத்தொன்பது வயதில் பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கும் வேலைக்குப் போனேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த வேனில்தான் போவார்கள். சாட்டையும் சக்கரமும் பூச்சட்டியும் எந்த இடத்தில் எத்தனை என்று பட்டியல் இருக்கும், அதன்படி அடுக்க வேண்டும். எனக்கு அது ஓடவே ஓடாது. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை இருந்தால்தான் பார்க்க நன்றாயிருக்கும் என்று மாற்றி மாற்றி வைப்பேன். "ஏத்தா, கோலமா போடுற? லோடு நிக்கிது" என்று மேஸ்திரி சத்தம் போடுவார். அவர் சத்தம் போட்டது நியாயம்தான்.

ஆனால் பெட்டிகளில் ஒட்டிய லேபிள் படங்களை மட்டும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் வந்த லேபிளில் கலர் விலகி, படத்திலிருந்த பொண்ணின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் கிடந்தது. லேபிள் கொண்டுவந்த அச்சகத்துக்காரரிடம், "அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்குப் பல்வலியா? கன்னம் வீங்கியிருக்கு" என்று கேட்டுவிட்டேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு லேபிளை எடுத்து நீட்டி, இதில் என்ன கோளாறு என்று கேட்டார். சொன்னேன். இன்னொன்றைக் கொடுத்தார். அதையும் சொன்னேன். அடுத்த மாதம் அவருடைய அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், எதைப் பார்த்தால் என் கை அதைச் சரி பண்ணப் போனதோ அதுதான் என் வேலையாக ஆயிற்று.

இத்தோடு கதை முடிந்தால் அம்மா பெரிய கெட்டிக்காரிதான். முடியவில்லை. அச்சகத்தில் முதல் மூன்று மாதம் நான் அழாத நாள் கிடையாது. மவுஸ் என் கைக்கு அடங்காது. பக்கத்து சீட்டில் இருந்தவர் என்னைவிட மூத்தவர், நான் ஒரு கோடு இழுப்பதற்குள் கையிலிருந்து வெடுக்கென்று மவுஸைப் பிடுங்கி அவரே செய்துவிடுவார். ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டார். ஒரு நாள் காலையில் திருத்தங்கல் பஸ்ஸுக்குப் போகாமல், சாப்பாட்டு வாளியோடு பழைய பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டேன். அங்கே போய் மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதாகத் திட்டம். வேன் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அச்சகத்துக்குப் போன பொண்ணு ஏன் இதில் ஏறுகிறது என்று அவருக்கு ஆச்சரியம். கம்பெனி வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகும் நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏத்தா, வேல புடிக்கலையா, ஆளு புடிக்கலையா?"

அதுவரை இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்துவிட்டு, "ஆளு" என்றேன். "ஆளு புடிக்கலைன்னா வேற ஆளுகிட்ட கத்துக்கலாம், வேற கம்பெனிக்கும் போகலாம். வேலையே புடிக்கலைன்னா எம்புட்டு நல்ல ஆளுக இருந்தும் பிரயோசனம் இல்ல" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போகிற வழியில் என்னைத் திருத்தங்கல் விலக்கில் இறக்கிவிட்டார். அன்றைக்கு அரை நாள் லேட். வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, முதலாளியிடம் போய் வேறு சீட் கேட்டேன். கொடுத்தார். அந்த டிரைவரைத்தான் நீ அப்பா என்று கூப்பிடுகிறாய். அந்த ஒரு கேள்விக்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன் என்று அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போனதும் ஒரு காரணம், அதை நான் இதுவரை சொன்னதில்லை.

அந்தக் கேள்வியை உன்னிடம் நான் ஆறு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே உன் பதில் எனக்குக் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் என் பதிலை உன் பதிலாக நினைத்துவிடக் கூடாது என்று பயமாகவும் இருக்கிறது. அதனால் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பொங்கல் லீவு முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் திறந்த பிறகும் நீ மூன்று நாள் கூடுதலாக இருந்தாய். அப்பாவோடு காலையில் வேனில் போனாய். ஸ்டாப்பில் பெண்கள் எல்லாம் வேன் எப்போது வரும் என்று தெரியாமல் பனியில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, நேராக லேப்டாப்பைத் திறந்தாய். இரண்டு நாள் குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. வேன் இப்போது எங்கே வருகிறது என்று அவர்கள் போனிலேயே தெரிகிற மாதிரி என்னமோ செய்து கொடுத்தாய். மூன்றாம் நாள் ஒரு பெண் உன்னைப் பார்த்து, "தம்பி, இன்னைக்குத்தான் சோத்து ஒலைய எறக்கி வச்சிட்டு வர நேரம் கெடச்சுது. நல்லாருப்ப" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதை நீ என்னிடம் இரண்டு தடவை சொன்னாய். சென்னை வேலையைப் பற்றி நீ எதையும் இரண்டு தடவை சொன்னதில்லை. "நான் செய்யுறது யாருக்குப் போகுதுன்னே தெரியலம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய், அவ்வளவுதான்.

இதிலிருந்து நீயே ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டாம், நானும் வரவில்லை. உனக்கு கம்ப்யூட்டர் வேலை பிடிக்காமல் இல்லை, முகம் தெரியாதவர்களுக்குச் செய்வதுதான் பிடிக்கவில்லை என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், யாருக்குத்தான் முதல் ஆறு மாதம் பிடிக்கும், கொஞ்சம் இருந்து பார்த்தால் அங்கேயும் முகங்கள் தெரியும் என்று தோன்றுகிறது. இதில் எது சரி என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இத்தனை வருடம் பேசிவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நீ எந்தப் படிப்பு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் விண்ணப்பத்தில் கட்டம் பார்த்து டிக் அடித்துவிட்டு, "போட்டுட்டேன்லே, போய் வெளையாடு" என்று சொன்னேன். நீயும் விளையாடப் போனாய். உன் மேல் தப்பில்லை.

நேற்று ஒரு காரியம் செய்தேன். லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்து, காரியாபட்டி அத்தையைப் பார்க்கப் போனேன். நம் சொந்தத்தில் எல்லாருக்கும் சேதி போய்ச் சேர வேண்டுமென்றால் உன் அப்பாவின் தங்கையிடம் சொன்னால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "ஏத்தா, அவன் ஒருவேளை அந்த வேலைய விட்டாலும் விடுவான்" என்றேன். ஊரே இடிந்து விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொள்ளாத குறைதான். அவள் கையிலிருந்த உரக்கடைப் பில்லை மடக்கி வைத்துவிட்டு, "விடட்டுமே மதினி. அதுக்கா இம்புட்டு தூரம் வந்தீக? காப்பி குடிக்கீகளா?" என்றாள்.

"இல்லத்தா, காலண்டர்ல இன்ஜினியர்னு போட்டுக் குடுத்துட்டேனே" என்றேன்.

"என்ன மதினி இப்படிச் சொல்றீக? நாங்க தேதி பாக்கத்தானே மாட்டிருக்கோம். ஒங்க மகன் மூஞ்சியப் பாத்தா ராகுகாலம் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். எழுந்து போய் உன் படத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், தம்பி. உன் நெற்றியில் கேஸ் சிலிண்டர் வந்த தேதி எழுதியிருக்கிறது. கோட்டில் பால்காரர் போன் நம்பர். அருவிக்குள் யாரோ ஒரு பிள்ளை மீன் வரைந்திருக்கிறது. "சாஃப்ட்வேர் இன்ஜினியர்" என்ற எழுத்தின் மேல் ஒரு சாவிக்கொத்து தொங்குகிறது. இரண்டு மாதமாக அந்த எழுத்தை யாரும் பார்க்கவே இல்லை. நான் ஒருத்திதான் போகிற வீட்டில் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து நீயும் பார்த்துவிட்டாய். உன் அத்தை கொடுத்த காப்பியில் சர்க்கரை அதிகம், இருந்தாலும் இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

ஆகையால் காலண்டரை உன் கணக்கிலிருந்து எடுத்துவிடு. அதற்காக இருக்கவும் வேண்டாம், அதற்காக விடவும் வேண்டாம். வீட்டைப் பற்றியும் யோசிக்காதே. நீ திரும்பி வந்து கொஞ்ச நாள் சும்மா இருந்தாலும் இங்கே சோற்றுக்குப் பஞ்சம் வந்துவிடாது. அப்பா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன், அவர் இதைப் படித்துவிட்டு, "நான் என்ன கேக்கப் போறேன்? எனக்கு வேன்ல ஒரு ஆளு தொணைக்குக் கெடச்சான்" என்கிறார். அதையும் சேர்த்துக்கொள். அங்கேயே இருப்பது என்று முடிவு பண்ணினாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அப்படி இருப்பதானால், யாருக்கு வேலை செய்கிறோம் என்று உன் மேனேஜரிடம் வாய்விட்டுக் கேள். எனக்கு சீட் மாற்றிக் கொடுத்த மாதிரி உனக்கும் ஏதாவது மாற்றிக் கொடுக்கலாம். கேட்காமல் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு மட்டும் இருக்காதே.

வியாழக்கிழமை உன் கம்பெனியில் உன்னைக் கூப்பிட்டு வேலை ஒப்பந்தத்தை முன்னால் வைக்கப் போகிறார்கள். கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம் அங்கேதான், போடாவிட்டால் இந்த மாதத்தோடு கிளம்ப வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். என் ஆசை என்ன என்று நீ கேட்கவில்லை, ஆனால் மறைத்து எழுதினால் இவ்வளவு எழுதியதும் பொய்யாகிவிடும். நீ கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் என் ஆசை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. என் பிள்ளை ஒரு இடத்தில் ஊன்றிவிட்டான் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் என் தூக்கத்துக்காக நீ இரண்டு வருடம் விழித்துக்கொண்டிருக்க முடியாது. அந்த ஆசையை நானே வைத்துக்கொண்டு சமாளித்துக்கொள்கிறேன்.

வழக்கமாக நீ எந்தக் காரியத்துக்கும் உள்ளே போகிறதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணுவாய். பரீட்சைக்கு முன்னால், இன்டர்வியூவுக்கு முன்னால், முடி வெட்டப் போகிறதற்கு முன்னால்கூட. வியாழக்கிழமை பண்ணாதே. நீ பண்ணினால் நான் எதையாவது சொல்லிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். உனக்குக் காய்ச்சல் என்பதை உனக்கு முன்னால் தெரிந்துகொண்டவள் நான். உனக்குப் பசிக்கிறது, உனக்குத் தூக்கம் வருகிறது, உனக்கு அந்தச் சட்டை பிடிக்காது என்று எல்லாவற்றையும் உனக்கு முன்னால் நானே தெரிந்துகொண்டு நானே சொல்லியும்விடுவேன். இந்த ஒன்றை மட்டும் முதலில் நீ தெரிந்துகொள், தம்பி. போய் முடித்துவிட்டு, நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டுக் கூப்பிடு. நான் அப்புறமாகத் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நீ கூப்பிடும் வரை கூப்பிடாமல் இருக்கப்போகும்
அம்மா